அனுப்புநர் யார்?

தேர்வில் கடிதம் எழுதும் வினா வந்தால் நாம் முதலில் ‘அனுப்புநர்’ என்று எழுதி முகவரி இடுகிறோம். அதன்கீழ் ‘பெறுநர்’. கடிதம் முடிந்த பிறகு ஒரு கட்டம் வரைந்து அதனுள் ‘உறைமேல் முகவரி’ எழுதுகிறோம். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் தமிழம்மா மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் தோழியரே, ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் உள்ள பெயர் உண்மையானதுதானா என்று யாரேனும் கேட்டதுண்டா? தேர்வுத்தாளில் நாம் எழுதுவதே கற்பனைப் பெயர்தான். உண்மையான அஞ்சலிலும் நிலைமை அதுவே. தபால்தலை ஒட்டியிருக்கிறதா, பெறுநர் முகவரி சரியாக இருக்கிறதா என்பதே தபால்காரரின் கவலை. அனுப்பியவர் இன்னார்தானா என்று விசாரிப்பது அவருடைய வேலையன்று.

மின்னஞ்சலும் இந்த வழக்கத்தை அப்படியே கைக்கொண்டு பிறந்தது. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே வலையமைப்பின் வழியாக முதல் மடலை அனுப்பினார். இன்று நாம் மின்னஞ்சல் முகவரியின் நடுவில் இடும் ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. பின்னர் 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர், மடல்களை ஒரு கணினி மற்றொன்றிடம் எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்ற விதிகளை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அந்த விதிமுறைதான், சிற்சில திருத்தங்களுடன், இன்றும் உலகின் மடல்களையெல்லாம் சுமந்து செல்கிறது.

அந்த உரையாடல் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். மடலைக் கொண்டுவரும் சர்வர் முதலில் ‘ஹலோ’ சொல்கிறது. (கட்டளைகள் நான்கு எழுத்தில் அடங்கவேண்டும் என்பதற்காக அந்த ‘ஹலோ’வில் ஓர் எழுத்தைக் குறைத்துவிட்டார்கள்!) அடுத்து, “இன்னாரிடமிருந்து மடல்” என்கிறது. பிறகு, “இன்னாருக்கு” என்கிறது. இறுதியாக மடலை ஒப்படைக்கிறது. பெறும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் “சரி, சரி” என்று தலையாட்டுகிறது. அவ்வளவுதான்! “நீ சொல்லும் இன்னார் உண்மையில் நீதானா?” என்று அது கேட்பதற்கு அந்த விதிகளில் இடமே வைக்கவில்லை. அக்காலத்தில் வலையமைப்பைப் பயன்படுத்தியவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தினர். எல்லோரும் எல்லோரையும் அறிந்த கிராமத்தில் கதவைத் தாழிடாமல் உறங்குவது இயல்புதானே! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சர்வரிடம் சொல்லப்படும் அனுப்புநர் முகவரி வேறு. மடலின் உள்ளே மேற்புறத்தில் எழுதப்படும் அனுப்புநர் முகவரி வேறு. முன்னது நம் தேர்வுத்தாளின் உறைமேல் எழுதுவது போன்றது. பின்னது கடிதத்தின் உள்ளே எழுதுவது போன்றது. பெறும் சர்வர் உறையைக் கிழித்துத் தனியே வைத்துவிடுகிறது. நம் கண்ணில் படுவது உள்ளே எழுதிய பெயர் மட்டுமே. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே, மடல் எழுதத் தெரிந்த எந்தத் திருடனும் உள்ளே வங்கியின் பெயரையோ கல்லூரியின் பெயரையோ எழுதி அனுப்பிவிடலாம். இந்த ஆள்மாறாட்டத்தையே ‘ஸ்பூஃபிங்’ என்கிறார்கள்.

இதனால் என்ன பெரிய தீங்கு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காக என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். அண்ணனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த சமயம் அது. கட்டணத்தின் ஒரு பகுதியாக 18,000 ரூபாயை இன்ன கணக்கில் உடனே கட்டவேண்டும் என்று அக்கல்லூரியின் முகவரியிலிருந்து மடல் வந்தது. சித்தி முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். புள்ளி, குறி எதுவும் பிசகவில்லை. நகைக்கடன் வைத்துப் பணத்தைக் கட்டினார். மறுவாரம் கல்லூரிக்குச் சென்றபோது, அப்படியொரு மடலையே தாங்கள் அனுப்பவில்லை என்று கூறிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சித்தியைத்தான் ஏசினார்கள். “பார்த்துச் செய்யக்கூடாதா?” என்றார் சித்தப்பா. பார்த்துத்தானே செய்தார்! அவரால் பார்க்க முடிந்த அனைத்தும் சரியாகவே இருந்தது. அப்பாவின் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் பணிபுரியும் மாமா ஒருவர் பின்னர் அக்கல்லூரியின் டொமைன் பெயரைச் சோதித்துப் பார்த்து, “இந்தப் பெயரில் யார் மடல் அனுப்பினாலும் தடுக்க இங்கே எந்த ஏற்பாடும் இல்லையே அம்மா!” என்றார். அந்த ‘ஏற்பாடு’ என்னவென்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

நம் விடுதித் தோழியரை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோர், தம் மகளைப் பார்க்கவும் அழைத்துச் செல்லவும் வரக்கூடியவர்கள் இன்னின்னார் என்று எழுதி, புகைப்படம் ஒட்டி, வார்டன் சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எவரேனும் வந்து, “நான் இந்தப் பெண்ணின் மாமா” என்றால், வாட்ச்மேன் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்லை, அட்டையைப் பார்க்கிறார். மின்னஞ்சலுக்கும் இவ்வாறே ஓர் அட்டை உண்டு. அதற்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். ‘எங்கள் பெயரில் மடல் கொண்டுவர உரிமையுள்ள சர்வர்கள் இவை மட்டுமே’ என்று டொமைனின் உரிமையாளர் அவற்றின் எண்களைப் பட்டியலிட்டு வெளியிடுகிறார். 2003-ஆம் ஆண்டுவாக்கில் உருவாகத் தொடங்கிய இம்முறை 2006-இல் ஆவணமாக வெளிவந்து, 2014-இல் திருத்தம் பெற்றது.

இந்தப் பட்டியலை எங்கே வெளியிடுவது? டி.என்.எஸ். என்ற பதிவேட்டில். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த ஏற்பாடு அது. இணையத்திலுள்ள பெயர்களுக்கு உரிய எண்களைச் சொல்லும் பதிவேடு அதுவே. வீட்டின் முன்னால் மாட்டிய அறிவிப்புப் பலகையைப் போல, உலகில் எவரும் அதைப் படிக்கலாம். வீட்டுக்காரர் மட்டுமே அதில் எழுதலாம். பின்வரும் எல்லாப் பாதுகாப்பும் இந்தப் பலகையை நம்பியே நிற்கிறது.

எஸ்.பி.எஃப். முறையில் இரண்டு குறைகள் உண்டு. அது சரிபார்ப்பது உறைமேல் உள்ள பெயரை மட்டுமே. திருடன் உறையின்மேல் தன் சொந்த டொமைனையே எழுதிவிட்டு, உள்ளே கல்லூரியின் பெயரை எழுதினால், எஸ்.பி.எஃப். ‘சரி’ என்றே சொல்லும்! இன்னொன்று, நல்ல மடல்களும் சில நேரம் அகப்பட்டுக்கொள்கின்றன. நாம் ஒரு முகவரிக்கு வரும் மடல்களையெல்லாம் மற்றொன்றுக்குத் திருப்பிவிடும்படி அமைத்திருந்தால், இடையில் நின்று திருப்பிவிடும் சர்வரின் எண் பட்டியலில் இராது. அட்டையிலுள்ள தாய்மாமாவுக்கு உடல்நலமில்லை என்று அண்டைவீட்டாரை அனுப்பினால் வாட்ச்மேன் அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார் அல்லவா, அதைப் போலத்தான்.

அடுத்தது கையொப்பம். நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைக்கும் புனித பவுலுக்கும் இந்தத் தொல்லை இருந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? தெசலோனிக்க மக்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தம்மிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்கவேண்டாம் என்று அவர் எச்சரிக்கிறார். அத்திருமுகத்தின் முடிவில், வாழ்த்தைத் தம் கைப்பட எழுதி, ஒவ்வொரு கடிதத்திலும் இதுவே தமது அடையாளம் என்று குறிப்பிடுகிறார். அக்காலத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது வழக்கமாதலால், கடைசி வரியின் கையெழுத்தே சான்றாயிற்று. ஆனால் கையெழுத்தைப் பழகி எழுதிவிடலாமே! விடுப்பு விண்ணப்பத்தில் அப்பாவின் கையொப்பத்தைத் தாங்களே இடும் கலையில் தேர்ந்தவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். (நான் யாரையும் குறிப்பிடவில்லை.)

யாஹூ, சிஸ்கோ ஆகிய இரு நிறுவனங்களின் முறைகளை இணைத்து 2007-இல் வெளிவந்த டி.கே.ஐ.எம். என்னும் கையொப்பத்தை அவ்வாறு பழக முடியாது. இதில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்றை உரிமையாளர் தம் சர்வரில் மறைத்து வைத்துக்கொள்கிறார். மற்றொன்றை அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காணும்படி வெளியிடுகிறார். மடல் புறப்படும்போது, அதன் எழுத்துகளையெல்லாம் கணக்கிட்டுச் சுருக்கி ஓர் எண்ணாக்கி, மறைத்து வைத்த சாவியால் அதில் முத்திரையிடுகிறார்கள். பெறும் சர்வர், வெளியிட்ட சாவியைக் கொண்டு அந்த முத்திரையைச் சரிபார்க்கிறது. கையொப்பம் மடலின் எழுத்துகளிலிருந்தே பிறப்பதால், ஒரு மடலின் கையொப்பத்தை வெட்டி மற்றொன்றில் ஒட்ட முடியாது. வழியில் எவரேனும் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. மடல் வேறு சர்வர் வழியாகத் திருப்பப்பட்டாலும், எழுத்து மாறாதவரை முத்திரை பிழைத்துக்கொள்ளும். அந்த அண்டைவீட்டார் அப்பாவின் முத்திரையிட்ட கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தது போல!

இந்தச் சாவிகள் இரும்பினால் ஆனவை அல்ல, எண்களால் ஆனவை. வழக்கமாகப் பயன்படும் முறையில், இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் விடை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படுகிறது. அந்த இரண்டு பகா எண்களையும் கண்டுபிடித்துவிட்டால் மறைத்த சாவியும் கையில் வந்துவிடும். பகாக் காரணிப்படுத்துதலால் வாழ்க்கையில் என்ன பயன் என்று கணக்கு வகுப்பில் பெருமூச்சு விட்டவர்கள் இதைக் கேளுங்கள். 2011-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஒருவருக்கு, கூகுள் நிறுவனத்தில் வேலைக்கு அழைப்பது போன்று ஒரு மடல் வந்தது. உண்மையானதுதானா என்று ஐயுற்று அதன் கையொப்பத்தை ஆராய்ந்தார். வெளியிட்ட எண் 512 பிட் அளவே இருந்தது. அதாவது ஏறத்தாழ 155 இலக்கங்கள். நமக்கு அது பெரிய எண். இன்றைய கணினிக்குச் சிறியது. வேலைக்கு முன் தம்மைச் சோதிக்கிறார்கள் போலும் என்று நினைத்த அவர், கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ 75 டாலர் செலவில், 72 மணி நேரத்தில் அந்த எண்ணைக் காரணிப்படுத்திவிட்டார்! பிறகு கூகுளை நிறுவிய செர்ஜி பிரின் அனுப்புவது போலவே, மற்றொரு நிறுவனரான லாரி பேஜுக்கு மடல் எழுதினார். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி சத்தமில்லாமல் 2048 பிட் அளவுக்கு மாறியிருந்தது. அது 600 இலக்கங்களுக்கும் மேல். பூட்டு இருந்தால் மட்டும் போதாது, அது குழந்தை விளையாட்டுப் பூட்டாக இருக்கக்கூடாது என்பதை உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றே இப்படித்தான் கற்றுக்கொண்டது.

அட்டையும் ஆயிற்று, முத்திரையும் ஆயிற்று. இனி, அட்டையில் இல்லாதவர் முத்திரையும் இல்லாமல் வந்து நின்றால் வாட்ச்மேன் அண்ணன் என்ன செய்யவேண்டும்? உள்ளே விட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வதா? பார்லரில் உட்கார வைத்து சிஸ்டரை அழைப்பதா? கேட்டிலேயே திருப்பி அனுப்புவதா? இதைப் பெற்றோர் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். மின்னஞ்சலில் இந்தக் கட்டளையை எழுதும் இடம் டிமார்க் எனப்படும். 2012 ஜனவரியில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, பேபால் முதலிய நிறுவனங்கள் கூடி இதை அறிவித்தன; 2015-இல் ஆவணமாயிற்று. டிமார்க் செய்யும் முதல் நன்மை, உறைக்கும் உள்ளே உள்ள பெயருக்கும் முடிச்சுப் போடுவது. பட்டியலிலோ முத்திரையிலோ தேறிய டொமைன் எதுவோ, அதுவே உள்ளே நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனாகவும் இருக்கவேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. சித்திக்கு வந்ததைப் போன்ற மடல் இந்த இடத்தில்தான் அகப்படும்.

இரண்டாவது, அந்தக் கட்டளை. உரிமையாளர் மூன்று சொற்களில் ஒன்றை எழுதலாம். ‘ரிஜெக்ட்’ என்றால் திருப்பி அனுப்பு. ‘குவாரன்டைன்’ என்றால் ஐயத்துக்குரியது என்று ஒதுக்கி வை. ‘நன்’ என்றால் ஒன்றும் செய்யாதே, தகவல் மட்டும் சொல். இம்மூன்றாவது சொல்லைப் பார்த்து, நம் சிஸ்டர்மாரை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லோ என்று நான் முதலில் சிரித்தேன். எழுத்து வேறு, இதற்கு ‘ஏதுமில்லை’ என்றுதான் பொருள்.

‘ஏதுமில்லை’ என்று எழுதுவதும் தொடக்கத்தில் நல்லதே. தம் பெயரில் எந்தெந்த சர்வரிலிருந்து மடல்கள் செல்கின்றன என்ற அறிக்கை நாள்தோறும் உரிமையாளருக்கு வந்து சேரும். ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், அலுவலக மடல் ஓரிடத்திலிருந்தும், கட்டண ரசீது வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்தும், செய்தி மடல் இன்னோரிடத்திலிருந்தும் செல்லக்கூடும். அவற்றையெல்லாம் பட்டியலில் சேர்க்காமல் அவசரப்பட்டு ‘ரிஜெக்ட்’ எழுதினால், பெற்றோருக்குச் சேரவேண்டிய ரசீதே திரும்பிவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம் திடீரென ‘ரிஜெக்ட்’ என்று எழுதியபோது, குழுக்களுக்குள் மடல் எழுதிவந்த எத்தனையோ யாஹூ பயனர்களின் நல்ல மடல்களும் திருப்பப்பட்டன. ஆகவே பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பொறுமையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுவதுதான் எனக்கு விளங்கவில்லை! அட்டை அச்சிட்டு, புகைப்படம் ஒட்டி, ‘யார் வந்தாலும் உள்ளே விடு’ என்று அடியில் எழுதி வைத்தால் அந்த அட்டையினால் என்ன பயன்? திருடன் வந்தான் என்ற அறிக்கை மறுநாள் வரும், அவ்வளவே.

ஏமாந்தவரை ஏசுவது எளிது. ஆனால் காவலில் பாதி, பெயருக்கு உரியவரின் கடமை. தம் பெயரில் பிறர் மடல் அனுப்பக்கூடாது என்று அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. சித்தியைப் போன்றவர்களுக்கு அந்தப் பலகையில் ஓர் எழுத்தும் எழுத முடியாது. அமெரிக்க அரசு 2017 அக்டோபரில் தன் துறைகளுக்கு, ஓராண்டுக்குள் ‘ரிஜெக்ட்’ நிலைக்கு வந்தாகவேண்டும் என்று ஆணையிட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், பெருமளவில் மடல்கள் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தன. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவ்வழியைப் பின்பற்றியது. இவ்விதிக்கும் ‘நன்’ என்று எழுதியிருந்தாலே போதும் என்பது வருத்தமே. நம் பள்ளி, நம் மறைமாவட்டம், நம் பெற்றோரின் வங்கி ஆகியவை எந்தச் சொல்லை எழுதியிருக்கின்றன என்பதை எவரும் பார்க்கலாம், மறைவானதன்று. டொமைன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடும் ‘டிமார்க்’ என்ற சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்து டி.என்.எஸ். பதிவேட்டில் கேட்டால் விடை வந்துவிடும். கணினி ஆசிரியையிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் காட்டுவார்கள்.

இவ்வளவும் இருந்தாலும் திருடன் சும்மா இருப்பானா? பூட்டிய கதவை விட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டுகிறான். தலைமையாசிரியை சிஸ்டரின் முகவரியைப் பயன்படுத்த முடியாவிட்டால், எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு முகவரியைத் தொடங்கி, அதன் முன்னே சிஸ்டரின் பெயரை எழுதிவிடுகிறான். அந்த இலவச முகவரி உண்மையிலேயே அவனுடையதுதான். ஆகவே அட்டை, முத்திரை, கட்டளை மூன்றிலும் தேறிவிடுகிறது! கைப்பேசித் திரை சிறியதாதலால் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிகிறது; முகவரி மறைந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், ஆலயங்களுக்குச் செல்வோரை இப்படித்தான் எச்சரித்தது. பங்குத்தந்தையின் பெயரில், துன்பத்திலிருக்கும் ஒருவருக்கு உதவவேண்டும், கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்புங்கள் என்று மடல்கள் வந்தனவாம். இரக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்து ஏமாற்றும் இந்தத் திருட்டு எனக்கு மற்றவற்றைவிடக் கொடியதாகத் தோன்றுகிறது.

இன்னொரு வகை, ஒத்த தோற்றமுடைய டொமைன். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டையும் நெருக்கி எழுதினால் எத்தனை பேருக்கு வேறுபாடு தெரியும்? நிறுவனத்தின் பெயரையே இரவல் வாங்கியவரும் உண்டு. லித்துவேனிய நாட்டவரான எவால்தாஸ் ரிமாசௌஸ்காஸ் 2013 முதல் 2015 வரை, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் பொருள் வழங்கிவந்த ஓர் ஆசிய நிறுவனத்தின் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் ஊழியர்கள் எழுதுவது போல மடல்களும் பொய் ரசீதுகளும் அனுப்பச் செய்து, 12 கோடி டாலருக்கு மேல் கறந்துவிட்டார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கணினியில் கரைகண்ட நிறுவனங்களே ஏமாந்தபோது, சித்தப்பா சித்தியை அவ்வளவு ஏசியிருக்க வேண்டியதில்லை என்று நான் வீட்டில் சொன்னேன்.

முத்திரை சொல்வது, ‘இந்த மடல் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது’ என்பதை மட்டுமே. அந்த டொமைன் யாருடையது, அவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. அதைப் பார்க்கவேண்டியது நாம். ஜிமெயில் வைத்திருப்போர் கணினியில் மடலைத் திறந்து, வலப்பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று நம் முன்னேற்ற அறிக்கையைப் போலவே தெரியும். கைப்பேசியில் அனுப்புநர் பெயரின் அருகிலுள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். மூன்றிலும் ‘பாஸ்’ பெற்ற மடலாயினும், பணம் கேட்டால், அம்மடலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நம் டைரியில் முன்பே குறித்து வைத்திருக்கும் எண்ணுக்குப் பேசிக் கேட்கவேண்டும்.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். இணையக் குற்றங்களுக்காக இந்திய அரசு வைத்திருக்கும் எண் அது. பணம் திருடனின் கணக்கைவிட்டு வெளியேறுவதற்குள் சொல்லிவிட்டால் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. சித்தி சொன்னது பதினோராம் நாள்.